நட்சத்திர நேரமும் வான வரைபடமும் காட்டும் கடிகாரம்: மாணவன் எழுதிய நிரலில் 5 மணி 30 நிமிடம் 54 விநாடி வித்தியாசம், ஏன்?

வேலூர்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு பழைய மானிட்டரும் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றும் கிடைத்தன. அதை வராண்டாவில் மாட்டி ஒரு கடிகாரம் ஓடவிடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். மேலே வழக்கமான இந்திய நேரம், அதன் கீழே நட்சத்திர நேரம் (சூரியனுக்குப் பதில் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நேரம்), மீதி இடம் முழுக்க அந்த நிமிடத்தில் வேலூருக்கு மேலே இருக்கும் வானம். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளை அப்படியே திறந்து வைத்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, தாங்களே எழுதுவார்களாம். சரி, எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பைதானில் எழுதியும்விட்டான். இந்திய நேரம் மிகச் சரியாக ஓடுகிறது, பிரச்சினை நட்சத்திர நேரத்தில்தான். சோதித்துப் பார்க்க 2025 பிப்ரவரி 15, இரவு 9 மணி என்று கொடுத்தால் அவன் நிரல் 12:00:59 என்கிறது, அதே நேரத்தை கேஸ்டார்ஸ் என்ற இன்னொரு வான மென்பொருளில் வைத்தால் 6:30:05 என்கிறது. வேறு தேதி, வேறு மணி எது கொடுத்தாலும் இதே 5 மணி 30 நிமிடம் 54 விநாடி வித்தியாசம். ஐந்தரை மணி என்றால் கிரீன்விச் சமாச்சாரம் என்று எனக்கே புரிகிறது, ஆனால் அந்த 54 விநாடி எங்கிருந்து வருகிறது என்று பையன் இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். ஐந்தரை மணியை விடையிலிருந்து கழித்துவிட்டு "சுமாராகச் சரி" என்று விட அவனுக்கு மனமில்லை.

இன்னொன்று, வரைபடத்தில் கிழக்கு இடது பக்கம் வருகிறது. புவியியல் ஆசிரியர் பார்த்துவிட்டு "தலைகீழா போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லேரியத்திலும் வானத்தை முழு வட்டமாக வைத்தால் அப்படித்தான் வருகிறது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பழைய_லென்ஸ்:

டீச்சர், அந்த 54 விநாடிதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. அது இல்லாமல் வெறும் 5:30 என்று வந்திருந்தால்தான் நான் குழம்பியிருப்பேன்.

நட்சத்திர நேரம் நம் கடிகாரத்தைவிட வேகமாக ஓடுகிறது. பூமி நட்சத்திரங்களைப் பொறுத்து ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி போதும். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியன் திரும்ப உச்சிக்கு வர இன்னும் நாலு நிமிடம் போல ஆகிறது. ஆக நாளொன்றுக்கு 3 நிமிடம் 56 விநாடி முந்தும், மணிக்கணக்கில் பார்த்தால் ஒரு மணிக்கு 9.86 விநாடி. ஐந்தரை மணிக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள், 54.2 வரும்.

அதாவது பையன் விடையில் ஐந்தரை மணியைக் கூட்டவில்லை, சூத்திரத்துக்குள் போகும் நேரத்திலேயே அது கூடிவிட்டது. இரவு 9 மணி என்பதை உலக நேரம் என்று நினைத்துச் சூத்திரம் வேலை செய்திருக்கிறது, உண்மையில் அது மாலை 3:30. விடையிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் 54 விநாடி நிற்கத்தான் செய்யும். உள்ளே கொடுப்பதற்கு முன்பே கழிக்க வேண்டும். நிரலில் நேரம் எடுக்கும் வரியில் 'டேட்டைம் நவ்' என்று சும்மா அடைப்புக்குறி போட்டு விட்டிருப்பான், அது கணினியின் உள்ளூர் நேரத்தைத் தரும், அதற்குள் யுடிசி (உலக நேரம்) என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2025 பிப்ரவரி 15, உலக நேரம் 15:30, ஜூலியன் நாள் (வானியலில் நாட்களை ஒரே தொடராக எண்ணும் எண்) 2460722.145833. இதில் 2451545 கழித்தால், அதாவது 2000 ஜனவரி 1 நண்பகலில் இருந்து எண்ணினால், 9177.145833 நாள். அதை 24.06570982441908 ஆல் பெருக்கி 18.697374558 கூட்டுங்கள், 24 இன் மடங்குகளைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் 1.2260 மணி, அதாவது 1 மணி 13 நிமிடம் 34 விநாடி. இது கிரீன்விச்சின் நட்சத்திர நேரம். வேலூரின் தீர்க்கரேகை 79.13 டிகிரி கிழக்கு, 15 ஆல் வகுத்தால் 5 மணி 16 நிமிடம் 31 விநாடி. கூட்டினால் 6:30:05, கேஸ்டார்ஸ் சொன்னது அதேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்திய நேரத்துக்கான 82.5 டிகிரியை இந்தக் கடைசிப் படியில் போட்டுவிடாதீர்கள், போடுகிறவர்கள் நிறையப் பேர். 13 நிமிடம் 29 விநாடி தவறும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு என்பதால் மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் கேஸ்டார்ஸோடு ஒத்துப்போகிறது என்பதோடு நிறுத்தவேண்டாம். உங்கள் திரையிலேயே சரிபார்க்கும் வழி இருக்கிறது. நட்சத்திர நேரம் என்பது இப்போது உச்சிக்கோட்டில், அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கோட்டில், எந்த வல ஏற்றம் (தீர்க்கரேகை போல நட்சத்திரங்களுக்கு வானத்தில் தரும் எண், மணிக்கணக்கில்) நிற்கிறது என்பதுதான். வேறு மர்மம் ஒன்றும் கிடையாது. கடிகாரம் 6:30 என்றால் வல ஏற்றம் 6:30 உள்ள நட்சத்திரம் உச்சிக்கோட்டில் நிற்க வேண்டும். அகத்தியர் (கனோபஸ்) என்ற நட்சத்திரத்துக்கு 6:24, சிரியஸுக்கு 6:46. எனவே அந்த இரவு 9 மணிக்கு அகத்தியர் நேர் தெற்கே 24 டிகிரி உயரத்தில் கோட்டை அப்போதுதான் தாண்டியிருப்பார், சிரியஸ் அவருக்கு மேலே, கோட்டைத் தொட இன்னும் கால் மணி நேரம். பையனின் 12 மணி சரியென்றால் அஸ்த நட்சத்திரம் அங்கே நிற்க வேண்டும், ஆனால் அது அப்போதுதான் கிழக்கு அடிவானத்தில் தலைகாட்டும். வராண்டாவை விட்டு இறங்கி மைதானத்தில் நின்று பார்த்தாலே எது பொய் என்று தெரிந்துவிடும்.

வரைபடமும் அந்த எண்ணும் ஒரே கணக்கின் இரண்டு முகம். வரைபடத்துக்குத் தனியாக ஒரு நேரம், கடிகாரத்துக்குத் தனியாக ஒரு நேரம் என்று நிரலில் எடுக்கவே கூடாது. ஒரே மாறியில் வைத்து இரண்டுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

ராசிச்சக்கரம்:

நான் ஜாதகம் கணிக்கிறவன், அதனால் இந்தக் கணக்கு எனக்குத் தினப்படி வேலை. லக்னம் பிடிக்க முதல் படியே பிறந்த ஊருக்கு நட்சத்திர நேரம் எடுப்பதுதான். லாகிரி எபிமெரிஸ் என்ற அட்டவணைப் புத்தகத்தில் நண்பகலுக்கு உள்ளதை எடுத்து, பிறந்த மணிக்குத் திருத்தி, மணிக்குப் பத்து விநாடி வீதம் சேர்ப்போம். மேலே 9.86 என்று சொன்னாரே, அதுதான் எங்கள் பத்து விநாடி.

ஒரு சந்தேகம். நட்சத்திர நேரம் என்று பெயர் வைத்துவிட்டு அதை அசுவினி தொடக்கத்திலிருந்து எண்ணாமல் விட்டால் எப்படி? அயனாம்சம், அதாவது அசுவினி தொடக்கத்துக்கும் சம இரவுப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி, இப்போது 24 டிகிரியைத் தாண்டிவிட்டது. நம் ஊர்ப் பள்ளியில் மாட்டுகிற கடிகாரம், அயனாம்சம் கழித்துக் காட்டினால்தானே பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகும்?

பழைய_லென்ஸ்:

ஐயா, லக்னக் கணக்கில் அயனாம்சத்தை நீங்களே கடைசியில்தானே கழிக்கிறீர்கள்? நட்சத்திர நேரத்தில் கை வைப்பதில்லை. அந்த நேரத்தை வைத்து எந்தப் பாகை கிழக்கே உதிக்கிறது என்று முதலில் சாயனத்தில் (சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணி) எடுத்து, அப்புறம் அயனாம்சம் கழித்து நிராயன லக்னம். கடிகாரத்திலேயே கழித்துவிட்டால் ஒன்றரை மணிக்கு மேல் பின்தங்கும், அகத்தியர் கோட்டைத் தாண்டி நிற்கும்போது கடிகாரம் 5 மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று காட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து யாரும் தொலைநோக்கியைத் திருப்ப முடியாது.

இந்தக் கடிகாரத்தின் பூஜ்யம் மேஷ சம இரவுப் புள்ளி, மார்ச் 20, 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டுகிற இடம். இப்போது அது மீன ராசி விண்மீன் கூட்டத்துக்குள் இருக்கிறது, வருடத்துக்கு 50 விகலை (ஒரு டிகிரிக்கு 3600 விகலை) போல நகர்கிறது. வல ஏற்றமும் அதே புள்ளியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்குவதால்தான் "கடிகார எண் உச்சிக்கோட்டின் வல ஏற்றம்" என்ற எளிமை கிடைக்கிறது. ஒன்றை மட்டும் நகர்த்தினால் அது கெட்டுவிடும். பிள்ளைகள் விரும்பினால் உதயராசியைத் தனி வரியாகக் கீழே போடட்டும், அதில் உங்கள் அயனாம்சம் தாராளமாக வரலாம்.

ராசிச்சக்கரம்:

சரிதான், கடைசியில்தான் கழிக்கிறோம். தனி வரி யோசனை நல்லது. அதில் நாழிகையும் போட்டால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கே வந்து பார்ப்பார்கள்.

அரைப்புள்ளி:

நிரல் எழுதுகிறவன் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

நட்சத்திர நேரத்தை ஒருமுறை கணக்கிட்டுவிட்டு அப்புறம் விநாடிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகிற மாதிரி எழுதியிருந்தால் தூக்கிப்போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் யுடிசியிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும், கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. அப்படிச் செய்தாலும் ஒரு வேடிக்கை நடக்கும். திரையைச் சாதாரண விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தால், ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திர விநாடி ஒன்று காணாமல் போகும், 41க்கு அப்புறம் நேராக 43 வரும். யாராவது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை நிச்சயம் கண்டுபிடித்துவிட்டு "டீச்சர், கடிகாரம் குதிக்குது" என்று வந்து நிற்கும். பிழை இல்லை அது. நட்சத்திர விநாடி நம் விநாடியைவிடச் சின்னது, 0.99727 விநாடிதான். 365 விநாடியில் ஒரு முழு விநாடி முந்திவிடுகிறது. விநாடிக்குப் பத்து முறை புதுப்பித்தால் குதிப்பது தெரியாது. நானாக இருந்தால் குதிக்க விட்டுவிட்டு ஏன் என்று கேள்வி கேட்பேன், அது உங்கள் விருப்பம்.

யாராவது இதைப் பார்த்துவிட்டு ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுத் தகட்டில் செய்யலாம் என்று கிளம்பினால், நில்லுங்கள். அதில் டபுள் (கூடுதல் நுணுக்கத் தசம எண்) என்று எழுதினாலும் 32 பிட் ஃபுளோட்தான் (குறைந்த நுணுக்கத் தசம எண்) கிடைக்கும். ஜூலியன் நாள் 24 லட்சத்துச் சொச்சம், அந்த அளவு எண்ணில் 32 பிட்டின் நுணுக்கம் கால் நாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் நகர்கிற கடிகாரம் வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம். ராஸ்பெரி பையில் பைதானுக்கு 64 பிட், அங்கே கவலையே இல்லை.

ஒரு விநாடிக்குள் வரும் வித்தியாசங்களைப் பற்றிப் பையன் கேட்டால்: சராசரி நட்சத்திர நேரம், தோற்ற நட்சத்திர நேரம் என்று இரண்டு உண்டு, பூமி அச்சின் சின்னத் தள்ளாட்டத்தால் இரண்டுக்கும் நடுவே அதிகபட்சம் ஒரு விநாடிக்குச் சற்று மேல் வரும். அவன் எழுதிய சூத்திரம் சராசரியைத் தருவது. அதனால்தான் வேறு மென்பொருளில் ஒரு விநாடி பிசகி நிற்கலாம். இது போக யுடிசிக்கும் பூமியின் உண்மையான சுழற்சிக்கும் இருக்கும் இடைவெளி. அதை 0.9 விநாடிக்குள் வைத்திருக்கத்தான் லீப் விநாடி சேர்க்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று சேர்த்தது. ஒரு விநாடி என்பது வானத்தில் 15 விகலை, வராண்டாத் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. ஆஸ்ட்ரோபை என்ற பைதான் வானியல் நிரல் தொகுப்பைப் போட்டால் இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பூமிச் சுழற்சித் தரவை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும், இணையம் இல்லாத இடத்தில் முரண்டு பிடிக்கும். நாலு வரிச் சூத்திரம் பையனுக்குப் புரிகிறதென்றால் அதுவே இருக்கட்டும்.

வரைபடத்துக்கு வருகிறேன். நட்சத்திர நேரத்திலிருந்து நட்சத்திரத்தின் வல ஏற்றத்தைக் கழித்தால் அது உச்சிக்கோட்டைத் தாண்டி எவ்வளவு நேரம் ஆகிறது என்று கிடைக்கும், அதை வைத்து உயரமும் திசையும். அப்புறம் உச்சியை வட்டத்தின் நடுவே வைத்து, உச்சியிலிருந்து எத்தனை டிகிரி விலகலோ அத்தனை தூரத்தில் புள்ளி வைப்பது எளிது. ஆனால் அடிவானத்தை ஒட்டி வரும்போது உருவங்கள் அகலவாக்கில் இழுபடும், விருச்சிகம் எழும்போது கொழுத்துத் தெரியும். விலகலின் பாதிக்கு டேன்ஜென்ட் எடுத்துப் புள்ளி வைத்தால் உருவம் கெடாது, அடிவானப் பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒளித்தரம் (நட்சத்திரப் பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்) 4 வரை போதும், வானம் முழுக்கச் சேர்த்தே சுமார் 500 நட்சத்திரம்தான். அதற்கு மேல் போட்டால் வேலூர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் திரையில் மின்னும், வெளியே போய்ப் பார்க்கிற பிள்ளைக்கு ஏமாற்றம்.

கிழக்கு இடது பக்கம் வருவது சரி. புவியியல் சாருக்குச் சொல்லுங்கள், அவர் தரையைக் குனிந்து பார்க்கிறார், இது அண்ணாந்து பார்ப்பது. படத்தை அச்சடித்து அவர் கையில் கொடுத்து, வடக்கு என்று போட்ட பக்கம் வடக்கைப் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னால், கிழக்கு தானாகக் கிழக்கே போய் நிற்கும்.

வேலூர்_டீச்சர்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. யுடிசி என்று மாற்றியதும் 6:30:05 வந்துவிட்டது. 9.86 ஐ 5.5 ஆல் பெருக்கியபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புவியியல் சார் படத்தைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்துவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

அடுத்த பிரச்சினை: வராண்டாவுக்கு வைஃபை எட்டாது. மின்சாரம் வேறு அடிக்கடி போகிறது. போய் வந்ததும் கடிகாரம் மின்சாரம் போன நேரத்திலிருந்தே திரும்ப ஓட ஆரம்பிக்கிறது. அப்போது நட்சத்திர நேரம், படம் எல்லாமே தப்பு. காலையில் யாராவது வந்து நேரம் வைக்க வேண்டியிருக்கிறது.

நுங்கம்பாக்கம்_பழசு:

கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் நிரலில் தீர்க்கரேகையைப் பதினைந்தால் வகுத்துக் கூட்டுகிற அந்த ஒரு வரி இருக்கிறதே, அதற்கு நம் ஊரில் 200 வருடத்துக்கு மேல் வயது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியபோது முக்கிய வேலைகளில் ஒன்று சென்னையின் தீர்க்கரேகையைத் துல்லியமாகப் பிடிப்பது. நட்சத்திரம் உச்சிக்கோட்டைத் தாண்டுவதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள், இன்று நீங்கள் கடிகாரத்தை வைத்து நட்சத்திரத்தைத் தேடுகிறீர்கள். அங்கிருந்து வந்த மதராஸ் நேரம், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முந்தியது, ரயில்வே அதைத்தான் பின்பற்றியது. 1906இல் ஐந்தரை மணி இந்திய நேரம் வந்ததும் அது ஒதுங்கியது. திரையில் இடம் இருந்தால் வேலூரின் சொந்த நேரத்தையும் ஒரு வரி போடுங்கள், இந்திய நேரத்துக்கு 13 நிமிடம் 29 விநாடி பின்னால். நிழல் கடிகாரம் வைத்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு உதவும்.

அரைப்புள்ளி:

பை 4இல் மின்கலத்தோடு ஓடுகிற கடிகாரச் சில்லு கிடையாது டீச்சர், அதனால்தான். அணைக்கும்போது கடைசியாக இருந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, திரும்ப எழும்போது இணையம் கிடைக்காவிட்டால் அதிலிருந்தே தொடங்கும். டிஎஸ்3231 என்று ஒரு சின்னத் தகடு கடையில் கிடைக்கும், நாணய வடிவ மின்கலம் போட்டு நாலு கம்பியில் இணைத்தால் போதும். வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும், பருவத்துக்கு ஒருமுறை ஒரு மாணவன் தன் கைப்பேசியைப் பார்த்துத் திருத்தினால் தாராளம். அந்தச் சில்லில் இந்திய நேரத்தை எழுதி வைத்துவிடாதீர்கள், யுடிசி மட்டும்தான். இல்லையென்றால் இந்தமுறை இந்திய நேரத்தையும் சேர்த்தே ஐந்தரை மணி தள்ளிவிடும்.

கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் ஜிபிஎஸ் தகடு. செயற்கைக்கோளிலிருந்து யுடிசியை நேராக எடுத்துக்கொள்ளும், தீர்க்கரேகையும் சேர்த்தே கிடைக்கும். வராண்டா என்பதால் அதன் ஆன்டெனாவை ஓரமாக, வானம் தெரிகிற பக்கம் வைக்க வேண்டும். தகர ஷீட் கூரைக்கு அடியில் வைத்தால் ஒன்றும் பிடிக்காது.

வேலூர்_டீச்சர்:

எங்கள் வராண்டாவுக்குத் தகரக் கூரைதான். அப்போ மின்கலம் போட்ட தகடே வாங்கிவிடுகிறோம். அந்த நாலு கம்பியில் எது எங்கே என்று பையன் இன்று மாலை இங்கேயே வந்து கேட்பான், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.